காலரை இறக்கும் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளே, வருவது இரண்டு மூன்று பேர்தான் என்றாலும் தங்கைகளே,

உயரத்தைத் திருகி மாற்றும் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பழைய காயிலோவர் செட்டை யாரிடமோ வாங்கி, சனிக்கிழமை ராத்திரி நண்பன் வீட்டு வாசலில் டார்ச் வெளிச்சத்தில் மாட்டி, ஞாயிறு காலையில் வண்டியைத் தரையோடு தரையாக என் கடைக்கு ஓட்டிவருகிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். கோவையில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். ராம்ப்பில் ஏற்றும்போதே உங்கள் முன் பம்பர் உரசுகிறது. பலகை போட்டு ஏற்றுகிறோம். இறங்கி வந்து நீங்கள் எல்லோரும் சொல்வது ஒன்றேதான்: "அண்ணா, டோ மட்டும் பார்த்து விட்டுருங்கண்ணா." நானும் பார்த்து விட்டிருக்கிறேன். காசை வாங்கிக் கல்லாவில் போட்டிருக்கிறேன். அடியில் கண்ட கோளாறைச் சொன்னால் 'கடைக்காரர் வேலை இழுக்கிறார்' என்று நினைப்பீர்களோ என்று வாயை மூடிக்கொண்டு அனுப்பியதும் உண்டு. அப்படி அனுப்பியவர்களில் சிலருடைய முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒரு வெள்ளை ஸ்விஃப்ட் வந்தது. பையனுக்கு இருபத்திமூன்று வயது இருக்கும், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். "பிரேக் அடிச்சா வண்டி இடது பக்கம் இழுக்குதுங்ணா. மூணு கடையில அலைன்மென்ட் பண்ணியாச்சு." மெஷினில் ஏற்றினேன். திரையில் எல்லாம் பச்சை. மூன்று கடைக்காரர்களும் பொய் சொல்லவில்லை. டேப் வைத்து இரண்டு முன் ஃபெண்டரின் உயரத்தையும் அளந்தேன். மில்லிமீட்டர் பிசகவில்லை. பிறகுதான் கீழே போய் ஸ்ட்ரட்டைப் பார்த்தேன். வலது பக்கத்தை விட இடது பக்கத்தில் ஸ்பிரிங் உட்காரும் காலர் ஒரு விரல் அகலம் மேலே நின்றது. வண்டி சமமாக நிற்கிறது, ஆனால் காலர் சமமாக இல்லை. இரண்டும் ஒரே ஸ்பிரிங்காக இருந்தால் இவ்வளவு வித்தியாசம் வர வழியே இல்லை.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஸ்பிரிங்கைத் துடைத்தேன். இரண்டு மூன்று சொந்தக்காரர்களின் ஊர்ப் புழுதி அடைகட்டி இருந்தது. அழுக்குக்கு அடியில் எழுத்து தெரிந்தது. வலது பக்கம் 62-180-8. இடது பக்கம் 62-180-6. உள்விட்டம் 62 மில்லிமீட்டர், நீளம் 180 மில்லிமீட்டர், அது வரைக்கும் இரண்டும் ஒன்று. கடைசி எண்தான் விறைப்பு. ஒரு மில்லிமீட்டர் அமுங்க வலது ஸ்பிரிங்குக்கு எட்டுக் கிலோ வேண்டும், இடது ஸ்பிரிங்குக்கு ஆறே போதும். எந்தக் காலத்திலோ, எந்தக் கடையிலோ, ஒரு ஸ்பிரிங் உடைந்தோ தொலைந்தோ போய், கையில் கிடைத்ததைப் போட்டு ஜோடி சேர்த்திருக்கிறார்கள்.

கணக்கு எளிது. அந்த வண்டியில் ஒரு முன் ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் எடை சுமார் 280 கிலோ என்று வையுங்கள். ஆறு கிலோ ஸ்பிரிங் 47 மில்லிமீட்டர் அமுங்கும்; எட்டு கிலோ ஸ்பிரிங் 35தான் அமுங்கும். வித்தியாசம் 12 மில்லிமீட்டர். வண்டி இடது பக்கம் சாய்ந்து நின்றதைப் பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் இடது காலரை 12 மில்லிமீட்டர் ஏற்றிச் சமப்படுத்திவிட்டார். நிற்கும்போது சரியாக இருக்கிறது. பிரேக் அடித்ததும் இரண்டு பக்கத்துக்கும் எடை கூடுகிறது. இடது மூக்கு அதிகம் குனிகிறது, வலது மூக்கு கம்மியாகக் குனிகிறது. இது அலைன்மென்ட் மெஷினில் எப்படித் தெரியும்? மெஷினில் வண்டி நிற்கத்தானே செய்கிறது.

அந்தப் பையனிடம் துணியைக் கொடுத்து அவனையே துடைத்துப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். "விக்கும்போது அவரு சொல்லவே இல்லீங்ணா" என்றான். விற்றவருக்கே தெரிந்திருக்காது, கண்ணு. அவருக்கு முந்தியவருக்கும் தெரிந்திருக்காது. இத்தனை கை மாறியும் ஒருத்தரும் ஒரு துணி எடுத்துத் துடைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பழைய சாமான் வாங்குவதை நான் குறை சொல்ல வரவில்லை. புது செட் என்றால் விலை கையைக் கடிக்கும். உங்கள் சம்பளம் என்னவென்று எனக்குத் தெரியும். சென்னைப் புதுப்பேட்டையிலும் மும்பை குர்லாவிலும் பழைய சாமான் கடைகள் இல்லாவிட்டால் இந்த நாட்டில் பாதி வண்டி ஓடாது. நானே என் முதல் வண்டிக்குப் புது உதிரிபாகம் வாங்கியதில்லை. ஆனால் பழைய இன்ஜினை வாங்கினால் கம்ப்ரெஷன் பார்க்கிறீர்கள். பழைய டயரை வாங்கினால் பட்டன் பார்க்கிறீர்கள். பழைய காயிலோவரை மட்டும் ஏன் நிறம் பார்த்து வாங்குகிறீர்கள்?

ஏனென்றால் உங்களுக்கு அது ஷாக் இல்லை. உயரம் குறைக்கும் கருவி. இங்கேதான் எனக்கும் உங்களுக்கும் வழக்கு.

காலரைத் திருகினால் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். "ஸ்பிரிங்க டைட் பண்ணினா வண்டி ஹார்டா ஆகும்ணா" என்று அடித்துச் சொல்பவர்கள் உங்களில் நிறையப் பேர். ஆகாது. சாதாரண நேர் ஸ்பிரிங் ஆறு கிலோ என்றால் எங்கே வைத்தாலும் ஆறு கிலோதான். சும்மா இருக்கும் ஸ்பிரிங்கைக் காலரால் 10 மில்லிமீட்டர் நெருக்கினால் 60 கிலோ பலத்தை முன்கூட்டியே அதில் கட்டி வைக்கிறீர்கள். வண்டியை இறக்கியதும் மீதி 220 கிலோவுக்குத்தான் அது மேற்கொண்டு அமுங்கும், அதாவது 37 மில்லிமீட்டர். ஆக வண்டி பத்து மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும், அவ்வளவுதான். கூடவே ஒன்று போகிறது. பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட 47 மில்லிமீட்டர் இருந்தது, இப்போது 37தான். நெருக்கி நெருக்கி வைத்தவர்களின் வண்டி குழியில் 'டணார்' என்று கத்துவது இதனால்தான். அது ஸ்பிரிங் விறைப்பு அல்ல, ஷாக்கின் தண்டு முழுதாக நீண்டு முட்டுகிற சத்தம்.

எதிர்ப்பக்கம் போனவர்கள் கதை இன்னும் மோசம். வண்டியை இறக்கக் காலரைக் கீழே விட்டுக்கொண்டே போவார்கள். ஜாக்கி போட்டால் ஸ்பிரிங் கையில் கடகடவென்று ஆடும். குழியில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நகர்ந்து, திரும்ப உட்காரும்போது கோணலாக உட்காரும். கூடவே தண்டு உள்ளே போக மிச்சமிருக்கும் இடமும் சுருங்கிவிடும். உங்கள் செட்டில் கீழ் பிராக்கெட்டும் தனியாகத் திருகுகிற மாதிரி இருந்தால் அதிர்ஷ்டம்: உயரத்தைக் கீழே திருகி மாற்றுங்கள், ஸ்பிரிங் காலரைத் தொடாதீர்கள். ஸ்பிரிங் ஆடாமல், சும்மா கைப்பிடிப்பாக உட்கார்ந்த பிறகு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நெருக்கம் போதும். உங்கள் செட்டில் ஒரே காலர்தான் என்றால் அதன் எல்லைக்குள் எவ்வளவு இறங்குமோ அவ்வளவுதான் உங்களுக்கு விதித்தது. அதற்கும் கீழே வேண்டுமென்று பம்ப் ஸ்டாப் ரப்பரை அறுத்து வீசிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ரப்பர்தான் கடைசி மெத்தை. அது போனால் பிஸ்டன் அடியில் போய் இரும்போடு இரும்பாக மோதும். பிறகு அது ஷாக் இல்லை, எண்ணெய் நிரப்பிய பைப்பு.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அளவுக்கு மேல் இறக்கிய வண்டி வளைவில் அதிகமாகச் சாய முற்படும். நம் ஊர்ச் சின்னக் கார்களில் முன்னால் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட். எர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்க இன்ஜினியர் 1940களில் போட்ட கணக்கு இன்னும் ஓடுகிறது. அந்தக் கணக்கில் லோயர் ஆர்ம் சேசிஸிலிருந்து சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழே சரிந்து நிற்க வேண்டும், குறைந்தபட்சம் படுக்கையாகவாவது. நீங்கள் இறக்க இறக்க அது சக்கரப் பக்கம் மேல்நோக்கித் தூக்கிக்கொள்கிறது. வண்டி எந்தப் புள்ளியைப் பிடித்துச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையம் இறங்குவதை விட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடுகிறது. கடப்பாரையின் நீளம் கூடினால் நெம்புவது சுலபம் இல்லையா, அதே கதை. டை ராடும் கோணலாகிப் போவதால் மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்புகிறது. வால்பாறை நாற்பது கொண்டை ஊசியையும் இந்த வண்டியில் ஏறி இறங்கிவிட்டு "கிரிப்பு சும்மா பின்னுதுங்ணா" என்று சொல்கிறீர்கள். விறைப்பான ஸ்பிரிங்கில் முதுகு வலித்தால் கிரிப்பு என்று தோன்றுவது இயல்பு. டயரைக் கேட்டால் வேறு சொல்லும். உள் ஓரம் மழுங்கிக் கம்பி தெரியும் டயரை வாரத்துக்கு ஒன்றாவது கழற்றுகிறேன். மேலிருந்து பார்த்தால் பட்டன் புதுசு போல இருக்கும், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பிக் குனிந்து பார்த்தால்தான் வெள்ளிக் கம்பி பல்லை இளிக்கும்.

நம் ஊர் வேகத்தடையையும் யோசியுங்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வட்ட வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அவ்வளவு அகலமாக இருந்தால் முன் சக்கரமும் பின் சக்கரமும் அதன் சரிவில்தான் நிற்கும், வயிறு தப்பிக்கும். ஆனால் உங்கள் தெருவில் இருப்பது அப்படியா? அறுத்த தென்னை மரத்தைக் குறுக்கே புதைத்த மாதிரி இருக்கிறது. முன் சக்கரம் ஏறி இறங்கித் தரைக்கு வந்துவிடும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது, வயிற்றுக்குக் கீழே முழு உயரமும் நிற்கும். 2018 ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். அதில் 60ஐ இறக்கினால் மிச்சம் 103. நாலு பேர் ஏறினால்? ஆயில் சம்ப்பை ஓட்டை போட்டுக்கொண்டு இழுவை வண்டியில் வந்தவர்களைக் கேளுங்கள்.

இந்த ஊரில் செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக ராலி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மண் ராலிக்குப் போகும் வண்டியை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். வண்டி விலைக்கு ஷாக் போட்டிருப்பார்கள். உயரம்? கம்பெனி வண்டியை விட உயரம். காசைக் கொட்டி வாங்குவது சக்கரம் மேலும் கீழும் நகர வேண்டிய இடத்தை. நீங்கள் காசைக் கொட்டி அதே இடத்தைத் தொலைக்கிறீர்கள்.

சரி, வாங்குவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். விற்பவர் வீட்டுக்குப் போனால் என்ன பார்க்க வேண்டும் என்பதை என் அனுபவத்தில் சொல்கிறேன். முதலில், பழைய ஷாக்கில் புதுப் பெயின்ட் பளபளத்தால் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். எண்ணெய்க் கசிவை மறைக்க அதை விட மலிவான வழி இல்லை. பெயின்ட் இல்லையென்றால் டஸ்ட் பூட்டை மேலே தூக்கித் தண்டைப் பாருங்கள். வெளியே துடைத்துக் கொடுப்பவர்கள் பூட்டுக்குள் துடைக்க மறந்துவிடுவார்கள். தண்டின் மேல் நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். எங்காவது நகம் சிக்கினால் அந்தப் புள்ளி ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் ஆயில் சீலை அறுக்கிறது என்று அர்த்தம்.

ஸ்பிரிங் இல்லாமல் ஷாக் மட்டும் கையில் கிடைத்தால் தரையில் நிறுத்தி உடம்பு எடையைப் போட்டு அமுக்கிப் பாருங்கள். கேஸ் நிரப்பிய மோனோட்யூப் என்றால் கையை எடுத்ததும் தண்டு தானாக, நிதானமாக மேலே வர வேண்டும். வராவிட்டால் கேஸ் போய்விட்டது. வருகிறது, ஆனால் நடுவில் ஓரிடத்தில் பிடிப்பே இல்லாமல் நழுவுகிறது என்றால் எண்ணெய் குறைந்திருக்கிறது. ட்வின் ட்யூப்பில் தண்டு மெதுவாக வரலாம், வராமலும் போகலாம். அங்கே பார்க்க வேண்டியது இடதும் வலதும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா என்பதை. ஷாக்கின் விறைப்பை மாற்றும் கிளிக் குமிழை முழுக்க ஹார்டு பக்கம் மெதுவாகத் திருப்பி நிறுத்தி, அங்கிருந்து பின்னால் எண்ணுங்கள். நாலு ஷாக்கில் ஒன்று மட்டும் கிளிக் சத்தமே இல்லாமல் சுற்றினால் உள்ளே ஊசி போய்விட்டது. அழுத்தித் திருகாதீர்கள், இருக்கிற ஊசியும் போய்விடும்.

அப்புறம் திருகு மரை. அலுமினியக் காலர், இரும்பு பாடி, நடுவில் பல வருஷச் சேறு. காலர் கையோடு வரவில்லை என்றால் சுத்தியலையும் உளியையும் எடுக்காதீர்கள். பித்தளை பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, டபிள்யூடி-40 மாதிரி ஏதாவது அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டு, சி-ஸ்பேனரால் முதலில் பூட்டுக் காலரை மட்டும் தளர்த்துங்கள். மேல் மவுன்ட்டில் பில்லோ பால் இருந்தால் அதைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கையில் லேசாக ஆடினால் ரோட்டில் 'டக் டக்' என்று தலைக்குள் அடிக்கும்.

நாலு ஸ்பிரிங்கையும் துடையுங்கள். எண்களை எழுதிக்கொள்ளுங்கள். ஸ்விஃப்ட், போலோ மாதிரி வண்டிகளில் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி; அங்கே காயிலோவர் என்ற பேரே சும்மா ஒரு மரியாதைக்குத்தான். பின் ஸ்பிரிங்கின் எண் முன்னதோடு ஒத்திருக்க வேண்டியதில்லை. இடதும் வலதும் ஒத்திருக்க வேண்டும்.

மாட்டும்போது நடக்கும் தவறுகளில் ஒன்றை நானே செய்தவன் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். கடை தொடங்கும் முன் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தேன். ஜாக்கியில் வண்டி தூக்கியபடி இருக்க, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்க, லோயர் ஆர்ம் போல்ட் எல்லாவற்றையும் இழுத்து முறுக்கி வண்டியை இறக்கிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் புஷ் கிழிந்து வந்தது. மறுபடி அதே மாதிரி மாட்டினேன். மறுபடி கிழிந்தது. மூன்றாவது தடவை வயசான மெக்கானிக் ஒருவர் வந்து ஒன்றும் பேசாமல் வண்டியைத் தரையில் இறக்கச் சொல்லி, கீழே படுத்துப் போல்ட்டைத் தளர்த்தினார். புஷ் 'மடக்' என்று லேசாகத் திரும்பி உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை நான் மறக்கவில்லை. ரப்பர் புஷ் இரண்டு பக்கமும் இரும்போடு ஒட்டியது. தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டால் வண்டி நிற்கும் நேரமெல்லாம் அது முறுகியே நிற்கும். உங்கள் வண்டி உயரத்தையே மாற்றுகிறீர்கள் என்றால், நீங்கள் தொடாத புஷ்களின் போல்ட்டையும் தளர்த்திப் புது உயரத்தில் திரும்ப முறுக்க வேண்டும். இதைச் செய்த ஒரு தம்பியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மற்றதெல்லாம் நீங்கள் கேள்விப்பட்டதுதான், ஆனாலும் செய்வதில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். டாப் மவுன்ட் எடுக்கக் கம்பெனி ஸ்ட்ரட்டைப் பிரிப்பதாக இருந்தால் ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் நடு நட்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள். அந்த ஸ்பிரிங்குக்குக் கோபம் வந்தால் முகம் பார்க்காது. தண்டு நட்டுக்கு இம்பேக்ட் கன் பிடிக்காதீர்கள், தண்டு சேர்ந்து சுற்றி உள்ளே சீலைத் தின்றுவிடும். ஆலன் கீயால் தண்டைப் பிடித்துக் கையால் திருகுங்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றியதும் ஹப் வெளிப்பக்கம் சாயும், அதை பிரேக் ஹோஸிலும் ஏபிஎஸ் ஒயரிலும் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். லிங்க் ராட் பழைய நீளத்திலேயே இருந்தால் ஸ்டெபிலைசர் பார் டிரைவ் ஷாஃப்ட்டைத் தொடுகிறதா என்று ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். நைலான் பூட்டு நட்டைப் பழசையே போட்டு மிச்சம் பிடிக்கும் காசுக்கு ஒரு டீ கூட வராது.

உயரம் பார்ப்பதற்குத் தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று அதில் விளையாடும். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து பாருங்கள். சமதரையில், அரை டேங்க் பெட்ரோலோடு. முதல் உயரமாக, கம்பெனி உயரத்திலிருந்து 25, 30 மில்லிமீட்டருக்கு மேல் இறக்காதீர்கள். ஷாக் தண்டில் பம்ப் ஸ்டாப்புக்குக் கீழே ஒரு சின்னக் கேபிள் டையைக் கட்டி, சீலோடு ஒட்டத் தள்ளிவிட்டு, நீங்கள் தினமும் போகும் பாதையில் ஒரு நாள் ஓட்டுங்கள். திரும்பி வந்து பாருங்கள். டை தண்டில் எவ்வளவு மேலே ஏறியிருக்கிறதோ அவ்வளவு தூரம் ஷாக் உள்ளே போயிருக்கிறது. அது பம்ப் ஸ்டாப்பில் போய் நசுங்கியிருந்தால் உங்கள் பாதைக்கு அந்த உயரம் ஆகாது, ஏற்றுங்கள். இரண்டு ரூபாய் டை சொல்வதை நண்பர்கள் சொல்வதை விட நம்புங்கள். கிளிக்கை நடுவில் தொடங்கி, வண்டி மேட்டில் ஏறி இறங்கியபின் ஒரே ஆட்டத்தில் அடங்குகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு தடவையும் இரண்டு கிளிக் மட்டும் மாற்றுங்கள்.

ஒரு வாரம் ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு என்னிடம் வாருங்கள், அல்லது எந்தக் கடைக்காவது போங்கள். போகும்போது "டோ மட்டும்" என்று சொல்லாதீர்கள். கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) முதலில், டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது) கடைசியில். கேம்பரைத் தொட்டால் டோ மாறும். ஹெட்லைட்டையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். மூக்கு குனிந்தால் வெளிச்சம் காலடியில் விழும், வால் தாழ்ந்தால் எதிரே வருபவர் கண்ணில் விழும்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லாவிட்டால் நியாயமில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றுவதற்கு வரம்பு போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்றது. அதே வருஷத் திருத்தத்தில் அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்றும் வந்தது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான். அதனால் கம்பெனி ஷாக்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். வாங்குகிறவர்களும் நீங்கள்தான், ஒரு வருஷம் கழித்து விற்கிறவர்களும் நீங்கள்தான். வெளியாள் யாரும் இல்லை. "ஐயாயிரம் கிலோமீட்டர்தான் ப்ரோ ஓடுச்சு" என்று எல்லோருமே சொல்கிறீர்கள். கூட்டிப் பார்த்தால் ஐந்து கை மாறிய செட்டும் ஐயாயிரம்தான் ஓடியிருக்கிறது. ஒரு அட்டையை எடுத்து, செட்டு எந்த வண்டிக்குச் செய்தது, நாலு ஸ்பிரிங்கின் எண்கள், கிளிக் எத்தனை, நீங்கள் வைத்திருந்த உயரம், உங்கள் கையில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எப்போதாவது குழியில் அடி வாங்கியதா, சீல் மாற்றினீர்களா என்று பேனாவால் எழுதுங்கள். கசிகிறது என்றால் கசிகிறது என்றே எழுதுங்கள். விலை குறையும், குறையட்டும். அந்த அட்டையை ஷாக்கோடு கட்டிக் கொடுங்கள். வாங்கும்போது அட்டை எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

என் பங்குக்கு: மாட்டுவதற்கு முன்னால் செட்டைக் கொண்டுவருகிறவர்களுக்கு டேபிளில் போட்டுப் பார்த்து, எண்ணைப் படித்து, அட்டை எழுதிக் கொடுக்கிறேன். காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராதீர்கள், கூட்டம் தாங்காது. செவ்வாய், புதன் மத்தியானம் கடை சும்மாதான் இருக்கும். செட்டை டிக்கியில் போட்டுக்கொண்டு, கம்பெனி ஷாக்கிலேயே ஓட்டி வாருங்கள். துணியும் மண்ணெண்ணெயும் இங்கே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் டயரின் உள் ஓரத்தைத் தினமும் பார்க்கும் அலைன்மென்ட் கடைக்காரன்